எழும்ப முடியாத வால்வு

அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும்போது கவனித்திருப்பீங்க. மேலே உள்ள எடை சற்றே எழும்பும்; ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். இந்த யோசனைக்கு வயது 300-க்கும் மேல். பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் 1679-இல் லண்டனில், எலும்பையும் மிருதுவாக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வை அதற்குப் பொருத்தியவரும் அவரே. நீராவி என்றதும் ஜேம்ஸ் வாட் பெயர்தான் வாயில் வருகிறது; மாணவர்களே, பாப்பினையும் ஓர் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

வால்வு வந்துவிட்டது, ஆபத்து தீர்ந்தது என்று நினைச்சிடாதீங்க. 1803 செப்டம்பரில், லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்த இயந்திரம் வெடித்து நால்வர் மாண்டனர். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். போகும் முன் வால்வை எழும்ப முடியாதபடி இறுக்கிவிட்டான். வேறொரு தொழிலாளி இயந்திரத்தை நிறுத்தினார், வால்வை விடுவிக்கவில்லை. அப்புறம் ஆவி எங்கே போகும்? போட்டியாளர்களான போல்ட்டன், வாட் தரப்பு இதையே பிடித்துக்கொண்டு உயர் அழுத்த இயந்திரமே ஆபத்து என்று பேசியது. பையனைத் திட்டுவது சுலபம். டிரெவிதிக் அடுத்த இயந்திரங்களில் இரண்டு வால்வுகள் வைத்தார். அவற்றில் ஒன்றை மட்டுமே இயக்குபவர் மாற்றியமைக்க முடியும்.

வெந்நீர்த் தொட்டி உள்ள வாட்டர் ஹீட்டருக்கும் இதே கதைதான். (குளியலறையின் சின்ன உடனடி ஹீட்டரைச் சொல்லவில்லை.) அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். ஆகவே மூடிய தொட்டியில் நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் நீராகவே இருக்கும். தொட்டி கிழிந்த கணத்தில் அதன் ஒரு பகுதி ஆவியாகி, ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். 1982 ஜனவரி 19 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் ஊரில், ஸ்டார் தொடக்கப்பள்ளியின் ஹீட்டர் மதிய உணவு வேளையில் வெடித்தது. 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தனர்.

இத்தகைய தொட்டிகளில் உள்ள வால்வு பொதுவாக 99 பாகையிலோ, சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்திலோ திறக்கும். திறந்தால் கொதிநீர் பீறிடும். எதிரே ஆள் நின்றால் வெந்துபோவார். அதனால்தான் வால்விலிருந்து கீழ்நோக்கி ஒரு வடிகுழாய். அமெரிக்கக் குழாய் விதிகளைப் பாருங்க: குழாய் வால்வின் வாயைவிடச் சிறுத்திருக்கக் கூடாது, நீர் தானாக வடியும் சரிவு வேண்டும், முனை தரைக்கு மேல் 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் பைப்பை அடைக்கும் எந்த வால்வும் கூடாது.

இன்னொரு விதியை வகுப்பில் புதிராகவே கேட்கலாம்: குழாயின் முனையில் திருகுமரை கூடாது. ஏன்? மரை இருந்தால், சொட்டுகிறதே என்று யாராவது ஒரு மூடியைத் திருகிவிடுவார்கள். கிரீனிச் பையன் செய்ததும் வேறென்ன?