யார் யாரைச் சார்ந்திருந்தார்கள்? செங்கல்பட்டிலிருந்து ஒரு குறிப்பு

"சும்மா கொடுத்தா சனங்க சோம்பேறி ஆயிடுவாங்க, பேரன் பேத்தி வரைக்கும் கையேந்திக்கிட்டே இருப்பாங்க." டீக்கடையில் இன்றைக்கும் கேட்கிற பேச்சு இது. இதற்கு வயது 150-ஆவது இருக்கும்.

தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்வோம் (1876–78). சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவு எகிறுகிறதென்று 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார் வைஸ்ராய் லிட்டன். மண் வெட்டும் ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியத்தின் விலையும் ஒரு அணாவும் என்று டெம்பிள் குறைத்தார். தாராளமாகக் கொடுத்தால் அரசையே நம்பிக் கிடப்பார்கள் என்ற பயம் அதிகாரிகளிடம் இருந்தது. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று உழைக்கவே முடியாது என்று சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. மாமல்லபுரத்துக்குப் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறதே, அதில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான்.

பஞ்சம் போய்ப் பதினைந்து வருஷத்துக்குள் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் வேறொரு கேள்வி கேட்டார். 1891-ல் மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையைப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாகச் சார்ந்திருப்பது என்றால் என்னவென்று புரியும். அடிமை முறையைச் சட்டம் 1843-லேயே கைவிட்டாச்சு. ஆனால் அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் படியாளாக உழைத்தான். குடிசை நின்ற மண்கூட மிராசுதாருடையது. முறைத்தால் குடிசையே போய்விடும். தரிசைப் பட்டா கேட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. ஆக, அந்தச் சார்பை உண்டாக்கியது அரசு கொடுத்த உதவி அல்ல.

ட்ரெமென்ஹீர் கேட்டது நிலம், வீட்டுமனை, பள்ளிக்கூடம். இதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். முதல் 10 வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதற்கு வந்த எதிர்ப்பின் சாரம் என்ன தெரியுமா? "இவங்களுக்கு நிலம் கொடுத்துட்டா எங்க வயல்ல யார் இறங்குறது?" சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற கவலையைச் சுரண்டிப் பார்த்தால், அடியில் பல சமயம் இதுதான் இருக்கிறது. நூறு நாள் வேலை வந்தபோதும் "கழனி வேலைக்கு ஆள் கிடைக்கல" என்று இதே குரல் கேட்டதே.

நல்ல திட்டம்தான். கோட்டை விட்டது அமலாக்கத்தில். விற்கக் கூடாத நிலம் பத்திரப்பதிவில் தடையில்லாமல் கை மாறியது. அதை மீட்கச் சொல்லி மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். 102 வருஷத்துக்கு முன்பு அரசே கொடுத்த நிலத்தைக் கேட்டதற்கு!

நலத்திட்டச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாங்கியவர் அதன் பிறகு இன்னொருவரிடம் "மாட்டேன்" என்று சொல்ல முடிகிறதா என்பதையும் அளக்க வேண்டும். அரிசியும் சம்பளமும் அதற்குக் கொஞ்சம் தெம்பு தரும். நிலமும் மனையும் நிறையவே தரும், பதிவேட்டை யாராவது காவல் காத்தால்.