சிற்றலைத் தடையும் வானொலியின் சுருதியும்



ஜொகூர் நீரிணைக்கு மலாய் மொழியில் தெப்ராவ் நீரிணை என்றும் பெயருண்டு. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை சிங்கப்பூருக்கு அதனைத்தான் கடந்தது. பின்னர் வீட்டு வானொலிகளின் மீதும் அவர்களது கை நீண்டது. பெட்டியை உடைக்க வேண்டியதில்லை. சிற்றலைக் கம்பிச்சுருளை அகற்றினாலே போதும். உள்ளூர் மத்திய அலை கேட்கும், இலண்டன் கேட்காது.

அச்சுருளுக்கு மாற்றாக வேறொன்றைச் சுற்றிப் பொருத்தினால் மட்டும் இலண்டன் திரும்பிவிடாது. அக்காலப் பெட்டிகள் பல, வரும் அலையை 455 அல்லது 465 கிலோசைக்கிள் இடைநிலை அலையாக மாற்றியே பெருக்கின. 9,500இல் ஒலிக்கும் நிலையத்திற்கு, 455 வகைப் பெட்டியினுள் அலையியற்றி 9,955இல் அதிர வேண்டும். முள்ளை எங்கு நகர்த்தினாலும் இவ்விடைவெளி மாறலாகாது. ஆகவே முதலில் இடைநிலைச் சுற்றுகள், அடுத்து அலையியற்றி, இறுதியில் ஏரியல் சுற்று என்று சுருதி சேர்ப்பர். இரும்புத் திருப்புளி நெருங்கினாலே சுருதி விலகும்; அவ்வளவு நுட்பமான வேலை!

இத்தகைய பெட்டிக்காகச் சிலர் உயிரையே பணயம் வைத்தனர். பேராக், பாப்பானில் தமிழ் மருத்துவர் கார்த்திகேசுவின் துணைவியார் சிபில், சிற்றலை வானொலியை ஒளித்துவைத்துப் பிபிசி செய்தி கேட்டார். காட்டுப் போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்குள்ளானார். 1948 ஜூனில் பிரிட்டனில் மறைந்தார். அவர் பெற்ற ஜார்ஜ் பதக்கத்தை வகுப்பில் சொல்லும் நாம், அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வதில்லை.