சித்தன்னவாசல் ஓவியங்களின் நிறப்பதிவு: கோட்டுருவப் படியிலிருந்து நிற விவரக்கோப்பு வரை

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் அறிவர் கோயில் ஓவியங்கள் மங்கிவருவதால், அவற்றைப் பற்றிய ஆய்வு பெரிதும் படிகளையும் ஒளிப்படங்களையும் சார்ந்துள்ளது. இப்பதிவுகள் நிறத்தை எவ்வாறு கையாண்டன என்பதையும், கணினித் திரையின் நிறத் திருத்தமும் நிற விவரக்கோப்பும் வரலாற்றுச் சான்றின் நம்பகத்தோடு கொள்ளும் தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சித்தன்னவாசல், சுவரோவியம், நிறப்பதிவு, திரைத் திருத்தம், ஐசிசி விவரக்கோப்பு.

முன்னுரை

சித்தன்னவாசல் குன்றில் இரண்டு சமணச் சின்னங்கள் உள்ளன. ஒன்று, தமிழி எழுத்துக் கல்வெட்டும் கற்படுக்கைகளும் கொண்ட ஏழடிப்பட்டம். மற்றொன்று, குடைவரையான அறிவர் கோயில். பின்னதன் விதானத்தில் தாமரைப் பொய்கையும், அதில் மீன், யானை, எருமை ஆகியனவும், மலர் கொய்வோரும் தீட்டப்பட்டுள்ளன. தூண்களில் ஆடல் மகளிரும் அரச உருவமும் காணப்படுகின்றனர். கோபிநாத ராவ் கவனத்திற்குக் கொணர்ந்த இவ்வோவியங்களைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1920ஆம் ஆண்டில் ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தினார்.

காலக்கணிப்பும் சான்றும்

துப்ராய் இக்குடைவரையையும் ஓவியங்களையும் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனோடு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு, இணைத்தார். ஆயின் பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபத்தை எடுப்பித்தான் என்று இவ்விடத்துச் செய்யுட் கல்வெட்டு கூறுகின்றது. இதனால் இன்று காணும் ஓவியங்களிற் பெரும்பகுதியை ஒன்பதாம் நூற்றாண்டினவாகக் கொள்வது வழக்காயிற்று. பின்னர் வேதியியல் அறிஞர் ச. பரமசிவன், தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன் ஆகியோர் தூய்மைப்பணியின்போது, மேற்பூச்சின் கீழே பழைய ஓவிய அடுக்கு இருப்பதைக் கண்டனர். ஆகவே ஒரே பரப்பில் இரண்டு காலத்து வண்ணங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் வேறுபாட்டைப் படத்தைக் கொண்டு உரைக்க விழைவோர்க்கு, அப்படத்தின் நிறம் எத்துணை நம்பத்தக்கது என்பதே முதல் வினாவாகின்றது.

வண்ணப் பொருள்களும் பழைய பதிவுகளும்

வெண்மைக்குச் சுண்ணாம்பும், கருமைக்குக் கரியும், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண் வகைகளும், பசுமைக்குப் பச்சைமண்ணும், நீலத்திற்கு லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லும் பயன்பட்டதாக ஆய்வாளர் குறிப்பர். இவற்றுள் காவிமண் வகைகள் செறிவு குறைந்த, ஒன்றற்கொன்று நெருங்கிய நிறங்களைத் தருவன. எனவே பதிவில் நேரும் சிறு பிறழ்வும் அவற்றின் வேறுபாட்டை அழித்துவிடும்.

கோட்டுருவப் படி வடிவத்தைக் காத்து நிறத்தைக் கைவிடுகின்றது. கறுப்பு வெள்ளை ஒளிப்படமும் நிறத்தை ஒளியளவாக மாற்றியே காட்டுகின்றது. சிவப்பொளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகளில் செங்காவி மிகக் கருமையாகவும், நீலம் வெளிறியும் பதியும். ஆகவே அத்தகைய படத்தில் இருண்டு காணும் பகுதி சுவரிலும் இருண்டதே என்று துணிதல் பிழையாகும். பின்வந்த வண்ண அச்சுகளிலோ மையும் தாளும் அச்சகத்துக்கு அச்சகம் வேறுபட்டன.

எண்மப் படமும் திரையும்

எண்மப் படம் இக்குறைகளைத் தானே நீக்கிவிடுவதில்லை. படக்கோப்பில் உள்ளவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் எண்களே. அவ்வெண்கள் எந்த நிறத்தைச் சுட்டுகின்றன என்பதை வேறொரு குறிப்பே உரைக்க வேண்டும். 1931ஆம் ஆண்டில் பன்னாட்டு ஒளியியல் ஆணையமான சிஐஇ வகுத்த நிற அளவீட்டு முறை இதற்கு அடிப்படையாயிற்று. 1993ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பான ஐசிசி, ஒரு கருவியின் எண்களை இப்பொது அளவீட்டோடு இணைக்கும் விவரக்கோப்பின் வடிவை வரையறுத்தது. 1996ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்ட எஸ்ஆர்ஜிபி, 1999ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தரமாயிற்று.

மடிக்கணினித் திரைகளோ இத்தரத்தோடு எப்போதும் ஒத்திருப்பதில்லை. விலை குறைந்த திரைகள் பல எஸ்ஆர்ஜிபி பரப்பை முழுதும் காட்டவல்லன அல்ல. அவற்றில் செம்மை வெளிறுவதால் செங்காவியும் மஞ்சட்காவியும் நெருங்கித் தோன்றும். நிறமானி கொண்டு திரையின் வெண்புள்ளியை 6500 கெல்வின் அளவிலும் காமாவை 2.2 அளவிலும் நிறுத்தி, எஞ்சிய விலகலை விவரக்கோப்பில் பதிவதே திருத்தமாகும். இவ்வாறு திருத்தினும் திரையால் உமிழ இயலாத நிறத்தை அதனிடமிருந்து பெற இயலாது.

விவரக்கோப்பைப் பகிர்தல்

ஒருவர் அளந்தெடுத்த திரை விவரக்கோப்பை, அதே மாதிரி மடிக்கணினி உடைய பிறர்க்கு வழங்கும் வழக்கம் உண்டு. ஒரே மாதிரியில் வெவ்வேறு நிறுவனத்தாரின் திரைப்பலகைகள் இடம்பெறுவதுண்டு. பின்னொளியும் பயன்பாட்டால் மாறும். ஆதலால் அத்தகைய கோப்பு அளவீட்டுக்கு ஈடாகாது. தோராயமான உதவியே ஆகும். ஆய்வாளர் தவறாது பகிர வேண்டியது வேறு: படத்தினுள் பொதிந்த நிறவெளி விவரக்கோப்பு, ஓவியத்தோடு சேர்த்து எடுத்த 24 கட்ட வண்ண அட்டையின் படம், ஒளிமூலம் பற்றிய குறிப்பு, திருத்தப்படாத மூலக்கோப்பு ஆகியன. திரை விவரக்கோப்பு காண்பவரின் கருவிக்கு உரியது. படத்தின் விவரக்கோப்பு சான்றுக்கு உரியது. பின்னது நீங்கின், காண்பவர் திரை எத்துணைச் செம்மையாயினும் எண்களின் பொருளை மீட்டுத் தராது.

முடிவுரை

கல்வெட்டைப் பதிப்பிப்போர் தெளிவாகப் படித்த எழுத்தையும், ஊகித்து நிரப்பிய எழுத்தையும் அடைப்புக்குறியால் வேறுபடுத்துவர். ஓவியப் படத்திற்கு அத்தகைய நேர்மையை வழங்குவது விவரக்கோப்பும் வண்ண அட்டையுமாகும். சித்தன்னவாசலில் காலக்கணிப்பை மாற்றியவை கல்வெட்டும் பூச்சடுக்குமே. படத்தின் நிறம் தனித்து அதனைச் செய்யவில்லை. திருத்தப்படாத திரையில் கண்ட நிறத்தைக் கொண்டு அடுக்குகளையோ பொருள்களையோ பிரித்துரைக்கும் கூற்றுகள், அளவீடு கிட்டும்வரை கருதுகோள்களாகவே நிற்கத்தக்கன. இன்று எடுக்கப்படும் படம், சுவர் மேலும் மங்கிய பின் ஒப்பிடுதற்குரிய அளவுகோலாக அமையும். அளவுக் குறிப்பின்றி விடப்படும் படமோ, சுவரில் நேர்ந்த மங்கலையும் கருவியின் பிறழ்வையும் பிறர் பிரித்தறிய இயலாதவாறு செய்துவிடும்.