ஞாபகத்தின் கதவும் சாவின் கதவும் ஒண்ணுதான்

மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் கெட்டுப்போய் வர்ற மறதி நோய்க்கு வாஸ்குலர் டிமென்ஷியான்னு பேரு. நம்ம வீடுகள்ல "வயசாச்சுல்ல"ன்னு சொல்லி முடிச்சுடுவோம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு துப்பறியும் கதையே இருக்கு மக்களே.

1969. அமெரிக்க மருத்துவர் ஜான் ஓல்னி, பிறந்த எலிக்குட்டிகளுக்கு மோனோசோடியம் குளுட்டமேட்டை ஊசியில ஏத்தினார். மூளையின் ஒரு பகுதியில செல்கள் செத்துப்போச்சு. (ஊசியில ஏத்தினதுங்க, உடனே ஃப்ரைட் ரைஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க!) குளுட்டமேட்ங்கிறது மூளைச் செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ரசாயனம். அது அளவு மீறினா, கேட்கிற செல்லையே கொன்னுடும்.

1974-ல விளாடிமிர் ஹாச்சின்ஸ்கி குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. குழாய் மெல்லச் சுருங்குறதால இந்த மறதி வர்றதில்ல. அடைப்பு மேல அடைப்பு வந்து மூளைத் திசு சாகுறதுதான் காரணம்னாங்க.

அடைப்பு வந்த இடத்துல என்ன நடக்குது? செல்லுக்குச் சக்தி தீர்ந்து குளுட்டமேட் கொட்டுது. பக்கத்துச் செல்லுல இருக்கிற என்.எம்.டி.ஏ. ரிசப்டர்ங்கிற கதவு திறந்து, கால்சியம் வெள்ளமா உள்ளே பாயுது. செல் காலி. 1984-ல எலிகளுக்கு இந்தக் கதவை அடைச்சப்போ பாதிப்பு குறைஞ்சது.

அப்போ மனுஷங்களுக்கும் அடைச்சுடலாமே? அங்கதான் சிக்கல். 1986-ல ரிச்சர்ட் மோரிஸ் குழு இதே ரிசப்டரை அடைச்ச எலிகளைத் தண்ணித் தொட்டியில விட்டாங்க. மறைஞ்சிருக்கிற மேடை எங்கேன்னு அதுங்களால சரியா கத்துக்க முடியல. ஞாபகம் உருவாகவும் இந்தக் கதவு வேணும்! எனக்கு இந்தக் கதையிலேயே மனசைப் பிசைஞ்ச இடம் இதுதான்.

செல்ஃபோடெல், ஆப்டிகனெல்னு கதவடைக்கும் மருந்துகள் பக்கவாத நோயாளிகளிடம் தோத்துப்போச்சு. கதவை மென்மையா அடைக்கிற மெமன்டைனை வாஸ்குலர் டிமென்ஷியாவுக்குச் சோதிச்ச முடிவுகள் 2002-ல வந்துச்சு. ஞாபகத் தேர்வுகள்ல சின்ன முன்னேற்றம். ஒட்டுமொத்த நிலையில தெளிவான மாற்றம் இல்ல.

கதவுக்கிட்ட போராடுறதைவிட, வெள்ளம் வராம பார்க்கிறதுதான் வழின்னு எனக்குத் தோணுது. 9,000 பேருக்கு மேல கலந்துக்கிட்ட அமெரிக்க ஆய்வோட முடிவு 2019-ல வந்துச்சு. மேல் ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவங்களுக்கு, 140-ஐ இலக்கா வெச்சவங்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவா வந்தது. முழு டிமென்ஷியா குறைஞ்சதுன்னு அதுல உறுதியா நிரூபணமாகல, ஆனாலும் இது சின்ன விஷயமில்ல.

இலக்கு எவ்வளவுன்னு டாக்டர் சொல்லட்டும். உங்க அம்மா அப்பாவுக்குக் கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.