குளம்பும் குளமும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் சித்தப்பா வீடு. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். லட்சுமி வராகர் கோயில், அதை ஒட்டிப் பெரிய குளம். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் நான் முதலில் பார்ப்பது சித்தப்பாவின் ஹிந்து பேப்பரைத்தான். செய்திக்காக இல்லை. குறுக்கெழுத்துக் கட்டத்தின் ஓரங்களில் பென்சிலால் வட்டம் வட்டமாக எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வைத்திருப்பார், அதைப் பார்க்க. "இது வெள்ளைக்காரன் மூளைடா, தமிழ்ல வராது" என்பார். ரொம்ப நாள் நானும் அதை நம்பினேன்.

அவர் சொன்னதில் முதல் பாதி ஓரளவு சரி. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதல் கட்டத்தைப் போட்ட ஆர்தர் வின், லிவர்பூலில் பிறந்தவர். ஆனால் அது நேரடிக் கேள்வி, நேரடி பதில். பூடகமாகக் குறிப்புக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில்தான் வளர்ந்தது. அப்சர்வர் பத்திரிகையில் 1926 முதல் டார்கமாடா என்ற பெயரில் புதிர் போட்டவர் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ். டார்கமாடா என்பது ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதை செய்தவரின் பெயர். புனைபெயரிலேயே எச்சரிக்கை! அவருக்குப் பின் வந்த சிமனீஸ் (டெரிக் மக்நட்) 1966-ல் ஒரு புத்தகமே எழுதி இலக்கணம் வகுத்தார். குறிப்பில் ஒரு பகுதி விடையின் பொருள், மற்றது சொல்விளையாட்டு. வேறு எதுவும் உபரியாக இருக்கக்கூடாது. ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது.

நம்மூரில் ஹிந்துவுக்கு ஆரம்ப காலத்தில் புதிர் அமைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் 1911-ல் பிறந்தவர், 1958-ல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனவர். கப்பல்களை ஓட்டியவர் ஓய்வு பெற்றபின் பதினைந்துக்குப் பதினைந்து கட்டத்தில் சொற்களை ஓட்டிக்கொண்டிருந்தார். 1983-ல் காலமானார்.

சரி, தமிழில் வராதா? தண்டியலங்காரத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. 12-ஆம் நூற்றாண்டு நூல். சித்திரகவிப் பகுதியைப் பாருங்கள். ஒரு சொல்லில் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போய் வேறு வேறு பொருள் வரவைப்பது எழுத்து வருத்தனம். எழுத்துகளைக் குறைத்துக்கொண்டே போவது அக்கரச்சுதகம். பல கேள்விகளுக்கான பதில்களைச் சேர்த்தால் ஒரு சொல்லாவது வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். சித்தப்பா பென்சிலால் செய்த அத்தனை வேலைக்கும் இங்கே பெயர் இருக்கிறது!

உதாரணத்துக்கு நானே சில கட்டிப் பார்த்தேன். "கடைசி தேய்ந்த குளம்பில் நீர் நிற்கும் (3)". குளம்பின் கடைசி எழுத்தை எடுத்தால் குளம். இது அக்கரச்சுதகம். "முதல் போன தேவராகம் பூமியைத் தூக்கியது (4)". தேவராகம் 1996-ல் வந்த பரதனின் மலையாளப் படம். 'முதல்' என்றதும் தயாரிப்பாளர் போட்ட பணம் நினைவுக்கு வரும், வரவேண்டும். அது முதல் எழுத்து என்று புரிந்துகொண்டு 'தே'யை எடுத்தால் வராகம். பூமியைத் தூக்கியது யார் என்று ஸ்ரீவராகத்துக்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். "நிறையக் கைகள் சேர்ந்தால் உட்காரலாம் (3)" என்றால் பல, கை: பலகை. இதைத்தான் அணியிலக்கணம் பிரிமொழிச் சிலேடை என்கிறது.

தமிழில் உண்மையிலேயே கஷ்டமானது எழுத்துகளைக் கலைத்துப் போடுவது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, உயிரும் மெய்யும் தனித்தனி. நமக்கு 247. 'கு'வை உடைத்து 'க்' வேறு 'உ' வேறு என்று இடம் மாற்ற முடியாது. மெய்யெழுத்தில் சொல் தொடங்கவும் கூடாது. 'கவிதை'யைக் கலைத்தால் 'விதைக' வருகிறதே, அதுபோல மாட்டுவது அபூர்வம். கட்டத்திலும் இதே தொல்லை. குறுக்கே போகும் சொல்லில் 'ளி' இருந்தால் நெடுக்கே வருவதிலும் அதே 'ளி' வேண்டும். 'ள'வோ 'ளு'வோ உதவாது. வேற்றுமை உருபு இன்னொரு வில்லன். 'குளம்' என்பது 'குளத்தில்' ஆனவுடன் உள்ளே இருக்கும் சொல்லே உருமாறிவிடும்.

இத்தனையையும் மீறி ஒருவர் தொடர்ந்து செய்தார். கலிபோர்னியாவிலிருந்து வெளியான தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் பூடகக் குறிப்புகளோடு தமிழ்க் குறுக்கெழுத்தைப் பல வருஷம் அமைத்தார். இத்தனைக்கும் கணிதப் பேராசிரியர். அதில் ஒன்றைப் போட ஆரம்பித்து, முழு ஞாயிற்றுக்கிழமையும் போய், ஆறு சொற்களோடு நான் தோற்ற அன்றுதான் சித்தப்பாவின் "தமிழ்ல வராது" தவறு என்று தெரிந்தது. என்னைக் கேட்டால், ஆங்கிலம் நமக்குத் தந்தது கட்டத்தை மட்டும்தான். ஆனால் அந்தக் கட்டம் சின்ன விஷயமில்லை. சித்திரகவியைப் புலவர்கள் புலவர்களுக்காகப் பாடினார்கள். கட்டமும் நாளிதழும் வந்த பிறகுதான் ஸ்ரீவராகத்துத் திண்ணையில் ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தா அதே விளையாட்டைக் காபியோடு ஆட முடிந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சொல்ல அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டது. வாசித்துக் காட்டினேன். குளம்புக்கு உடனே தலையாட்டினார். தேவராகத்துக்கு, "படம் பேரை இழுக்கிறது கள்ள ஆட்டம்" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார், தமிழில்:

"சிவன் ஏறினதைப் பரீட்சைல எழுது. ரெண்டு எழுத்து."

எனக்கு ராத்திரி வரை ஆயிற்று. நீங்கள் முயன்று பாருங்கள்.