அந்த 82 வீதம் எங்கிருந்து வந்தது?

வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுற்றி வரும் ஒரு வட்ஸ்அப் செய்தி போன வாரம் எங்கள் ஸ்டாஃப் ரூம் குரூப்புக்கும் வந்து சேர்ந்தது. 2001இல் சிங்களவர் 82 வீதம், 2012இல் 74.9 வீதம். சோனகர் 7.9இலிருந்து 9.3. "பதினொரு வருஷத்தில் என்ன நடந்தது?" என்று கீழே சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி. எங்கள் ஆட்களிலேயே ஒருவர், "உண்மையாகவே நாம இவ்வளவு கூடிட்டமா?" என்று கேட்டிருந்தார்.

இந்த எண்கள் எல்லாம் அரசாங்கத்தின் எண்கள்தான். ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 1981ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வருஷம் சிங்களவர் 74.0 வீதம். 74, பிறகு 82, பிறகு 74.9. ஒரு நாட்டின் சனங்கள் இப்படி ஏறி இறங்க மாட்டார்கள். மாறியது எண்ணிய நிலப்பரப்பு. அது ஏன் மாறியது என்று விளங்க, இந்த நாட்டில் ஆட்களை யார் எண்ணினார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதற்குமான முதல் குடிசன மதிப்பு 1871 மார்ச் 27இல் நடந்தது. கிடைத்த தொகை 24,00,380. திட்டம் கொழும்பில் போடப்பட்டாலும், வீடு வீடாகப் போக வேண்டியவர் ஊர்த் தலைவர்தான். விதானை என்றும் உடையார் என்றும், எங்கள் கரையோரத்தில் வன்னிமை என்றும் சொல்லப்பட்ட ஆட்கள். அவர்களுக்கு மேலே கச்சேரியில் அரசாங்க அதிபர். இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: விதானைக்கு எல்லா வீடும் தெரியும். ஒளித்து வைக்க முடியாது. ஆனால் எல்லாம் தெரிந்த மனுஷன் திண்ணையை விட்டு எழும்பத் தேவையில்லையே! நினைவிலிருந்தே எழுதி முடித்துவிடலாம். போதாததற்கு, 1892இல் ஒழிக்கப்படும் வரை நெல் வரி வேறு இருந்தது. வரிக் கணக்கோடு சம்பந்தப்பட்டவர் கொப்பியோடு வாசலில் நின்று ஆட்களின் எண்ணிக்கை கேட்டால், எந்தக் குடியானவன் மனதாரப் பதில் சொல்வான்?

1901 கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். அந்தக் காலத்து முறையில் எங்களுக்குப் பிடித்தது இரண்டு தடவை பார்ப்பது. முதலில் வீடுகளுக்கு இலக்கம் போட்டு, ஆட்களின் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வார்கள். பிறகு குறித்த இரவில் அதே வீடுகளுக்குப் போய், வந்தவரைச் சேர்த்து, போனவரை வெட்டி, பட்டியலைத் திருத்துவார்கள். இன்று தரக்கட்டுப்பாடு என்று பெரிய பேர் வைத்திருக்கிறோம். அன்று அது ஒரு விளக்கும் இன்னொரு நடையும்தான்.

மேலே இருந்தவர்களுக்கு ஊருக்கு வராமலே பிழை பிடிக்கவும் வழி இருந்தது. வயதுகளைப் பாருங்கள். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழு எண்களில் ஆட்கள் குவிந்திருந்தால், அங்கே வயது கேட்கப்படவில்லை, மதிக்கப்பட்டிருக்கிறது. பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை நியாயமில்லாமல் குறைந்திருந்தால், வீட்டுக்காரர் சொல்லவில்லை, அல்லது வந்தவர் கேட்கவில்லை.

1963இல் ஊர்த் தலைவர் முறை நீங்கி, கிராம சேவகர் வந்தார். பரம்பரைச் செல்வாக்கில் வந்தவர் போய், இடமாற்றம் செய்யக்கூடிய உத்தியோகத்தர் வந்தார். அதற்கு இரண்டு வருஷம் முந்தி அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. பழைய மட்டக்களப்புக் கணக்கைப் புதியதோடு ஒப்பிடுகிறவர்கள் இதையும் மறந்து விடுகிறார்கள். அது வேறு கதை.

1981 மார்ச் 17இல் எண்ணியபோது தொகை 1,48,46,750. அதற்குப் பிறகு முழு நாட்டையும் எண்ண 31 வருஷம் எடுத்தது. 1991இல் யுத்தத்தால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001 ஜூலை 17இல் நடந்தபோது, 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் நடக்கவில்லை. மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு நான்கிலும் அரைகுறை. அந்த 18இல் எங்கள் அம்பாறையும் ஒன்று.

அந்த ஏழு மாவட்டங்களிலும் கச்சேரி இல்லாமல் போகவில்லை. ஜீ.எஸ்.மார் இருந்தார்கள், சம்பளமும் எடுத்தார்கள். இல்லாமல் போனது, எழுதியதை இன்னொருவர் சுதந்திரமாகப் போய்ச் சரிபார்க்கும் வாய்ப்பு. திணைக்களம் என்ன செய்தது? சரிபார்க்க முடியாததை முழு நாட்டுக் கணக்கு என்று ஒப்பேற்றவில்லை. 18 மாவட்டங்களுக்கு 1 கோடி 69 இலட்சம் என்று பிரித்துப் போட்டது. இது நேர்மையான வேலை என்றே நாங்கள் சொல்வோம். 82 வீதம் என்பது அந்த 18 மாவட்டத்தின் வீதம். தமிழர் செறிந்து வாழும் மாவட்டங்கள் கணக்கிலேயே இல்லை. பிறகு வந்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு அடிக்குறிப்பை விட்டுவிட்டார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சனங்களில் பெரும்பகுதி புத்தளத்தில் தஞ்சமடைந்திருந்தது. 2001இல் அவர்கள் புத்தளத்துக் கணக்கில் வந்தார்கள். மன்னாரில் வீடு, புத்தளத்தில் குடிசை, இரண்டு இடத்திலும் பதிவு. 2012இல் வழமையாக வசிக்கும் இடம் எது என்று கேட்டபோது, அந்த ஒரு கேள்விக்கு ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பதில் இருந்திருக்கும். எந்தப் பதில் எழுதப்பட்டது என்பது வாசலில் நின்றவரின் பொறுமையைப் பொறுத்தது.

2012 மார்ச் 20இல் 2,03,59,439 பேர். 1981இல் 7.1 வீதமாக இருந்த சோனகர் 9.3 வீதம். 31 வருஷத்தில் நாம் கூடியிருக்கிறோம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது 1981ஐயும் 2012ஐயும்.

2024 டிசம்பர் 19ஐக் குறித்த நாளாக வைத்து நடந்த கடைசிக் கணக்கெடுப்பில் கையில் டெப் இருந்தது. தாயை விட மகனுக்கு வயது கூடினால் இயந்திரம் பிடித்துக்கொள்ளும். கேட்காமலே நிரப்பினால் பிடிக்குமா? எங்கள் வீட்டுக்கு வந்தவர் தெரிந்தவர். "சேர், உங்கட வீட்ட எனக்குத் தெரியும்தானே" என்று படலையில் நின்றபடியே தட்டத் தொடங்கினார். கட்டாரில் மூன்று வருஷமாக இருக்கும் தம்பியையும் வீட்டில் சேர்த்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொருவராகச் சொன்னோம். வாப்பும்மாவுக்கு எழுபத்தைந்து என்று போட்டிருந்தார். அவவிடமே கேட்டோம். "சூறாவளிக்கு உங்கட வாப்பா மடியில" என்றா. 78 சூறாவளி. வாப்பாவைப் பெறும்போது அவவுக்குப் பதினெட்டு. கணக்குப் பார்த்தால் அறுபத்தைந்துதான் வருகிறது. பத்து வயது குறைந்ததில் அவவுக்கு நல்ல சந்தோஷம்.

ஸ்டாஃப் ரூம் குரூப்பில் அந்த ஏழு மாவட்டங்களின் பெயரையும் எழுதிப் போட்டிருக்கிறோம். செய்தியை அனுப்பியவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.