படக்கொட்டகையும் காத்திருப்பும்



திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோயிலை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் நேமம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்தால் களியக்காவிளை வருகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. இச்சாலைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், நெய்யாறு அணைக்கு அருகே அமைந்த சிற்றூர் கள்ளிக்காடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகின்ற குடும்பங்கள் இவ்வூர்ப்புறங்களில் இன்றும் உள்ளன. அத்தகைய குடும்பமொன்றில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு வடக்கே சென்று, மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்து வருபவர் நாம்.

சென்ற முறை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, புதிதாக வெளியாகியிருந்த தமிழ்ப் படமொன்றைக் காணப் போகலாமா என்று மருமகனை அழைத்தோம். அவன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே வந்துவிடுமே, மாமா! அதற்குப் பஸ் ஏறிப் போகவேண்டுமா?" என்றான். அவன் சொன்னதில் தவறொன்றும் இல்லை. ஆனால் 'பொறுத்தால்' என்ற அந்தச் சொல் நம் மனத்தில் தங்கிவிட்டது. ஆராய்ந்து பார்த்தால், படக்கொட்டகையின் வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பது புலனாகும். யார் முதலில் பார்ப்பது, யார் காத்திருப்பது, எத்தனை நாள் காத்திருப்பது என்பனவே அவ்வரலாற்றின் உட்பொருள்.

தென்னாட்டில் சலனப்படம் முதலில் மக்களைத் தேடித்தான் வந்தது. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் கோயமுத்தூரில் அவர் நிலையான அரங்கு கட்டியதும் யாவரும் அறிந்ததே. சில பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. படம் ஊரைத் தேடி வந்தது போய், மக்கள் படத்தைத் தேடி அரங்கிற்குச் செல்லலாயினர்.

நமது எல்லைப்புறத்திற்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்த ஜே. சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்தோடும் நெய்யாற்றின்கரையோடும் தொடர்புடைய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர். தம் நிலத்தை விற்றுப் படம் எடுத்தார். 1930ஆம் ஆண்டு (1928 என்பாரும் உளர்) திருவனந்தபுரம் கேபிட்டல் அரங்கில் அது திரையிடப்பட்டது. அதில் உயர்குலப் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காகக் கூட்டத்தினர் வெகுண்டு திரையைச் சேதப்படுத்தினர். அப்பெண் ஊரைவிட்டே வெளியேறித் தமிழ்நாட்டுப் பக்கம் சென்று மறைந்து வாழ நேர்ந்தது. டேனியலும் பொருளிழந்து, பல் மருத்துவத் தொழிலால் காலங்கழித்து, 1975ஆம் ஆண்டு காலமானார். இன்று கேரள அரசு திரைத்துறைக்கு வழங்கும் மிக உயர்ந்த விருது அவர் பெயரால் அமைந்திருக்கிறது.

இதை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. கொட்டகை தொடக்கத்திலேயே சமத்துவ மண்டபமாகப் பிறக்கவில்லை. ஆயினும் காலப்போக்கில் அது அவ்வாறு ஆகத் தலைப்பட்டது. சாதிப்படி அன்றிக் கொடுக்கும் காசின்படி இருக்கை அமைந்ததும், எல்லாத் தமிழரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலையைக் கண்டதும் முதன்முதலில் திரையரங்கில்தான் என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியுள்ளார். மொழியளவிலும் அவ்வாறே. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1951இல் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவிய பி. சுப்பிரமணியம் நாகர்கோயிலைச் சேர்ந்தவர். மாநில எல்லை பின்னால் வந்தது. திரை அதற்கு முன்பே இருபுறத்தையும் இணைத்துவிட்டது.

நாம் சிறு பிராயத்தில் படம் பார்த்தது ஓலைக் கொட்டகையில். மாலையில் ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தால், டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். ஒரு வாரம் தமிழ்ப் படம், மறு வாரம் மலையாளப் படம். தமிழ் அறியாத அண்டை வீட்டார் தமிழ்ப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்புவார்கள். மலையாளம் எழுதத் தெரியாத நம் பாட்டி மலையாளப் படத்தின் சோகத்தில் கண்ணீர் விடுவார். இரு மொழிகளையும் அருகருகே கேட்டு வளர்ந்த அந்தப் பழக்கமே பிற்காலத்தில் நம்மை மொழிபெயர்ப்புத் தொழிலுக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அந்தப் படங்கள் எங்கள் ஊருக்கு எப்போது வந்தன? அதுவே கேள்வி. அந்நாளில் ஒரு படத்திற்கு எடுக்கப்படும் பிரதிகள் சில. அவை முதலில் நகரத்துப் பெரிய அரங்குகளுக்குச் செல்லும். அங்கே ஓடித் தேய்ந்த பின்னர் சிறு பட்டணங்களுக்கு வரும். இறுதியில், மழை பெய்வதுபோல் திரையெங்கும் கோடு விழும் நிலையில், படப்பெட்டி கிராமக் கொட்டகையை வந்தடையும். நகரத்தார் தீபாவளிக்குப் பார்த்ததை நாம் கோடை விடுமுறையில் பார்த்தோம். கிராமக் கொட்டகை இந்தக் காத்திருப்பினாலேயே வாழ்ந்தது. கிராமத்து மக்கள் இதே காத்திருப்பினாலேயே கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

கொட்டகைக்கு முடிவு வந்துவிட்டது என்ற பேச்சு புதிதன்று. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதும், எண்பதுகளில் வீடியோ நாடா பரவியபோதும், பின்னர் செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகியபோதும் அதே பேச்சு எழுந்தது. பல கொட்டகைகள் கலியாண மண்டபமாயின, பல கிடங்குகளாயின. எனினும் தொழில் அழியவில்லை. புதிய படத்தை முறையாக முதலில் காணும் இடம் கொட்டகை ஒன்றே என்ற நிலை மாறாமல் இருந்ததே அதற்குக் காரணம். பின்னர் இந்நூற்றாண்டில் எண்ணிமக் கருவிகள் வந்து, படச்சுருளுக்கு வேலையில்லாமற் செய்தன. ஒரே நாளில் ஆயிரம் ஊர்களில் படம் வெளியாகலாயிற்று. நகரத்திற்கும் கிராமத்திற்கும் இடையே இருந்த காத்திருப்பு அத்துடன் ஒழிந்தது. கோடு விழாத படத்தைக் கிராமத்தான் முதல் நாளே கண்டான். ஆனால் புதிய கருவி வாங்க வசதியில்லாத கொட்டகைகள் மூடிக்கொண்டன. நகரத்திலோ நிலத்தின் விலை ஏறிற்று. 1961இல் திறக்கப்பெற்ற சென்னை சாந்தி திரையரங்கு 2016லேயே மூடப்பட்டதை எண்ணினால், எல்லாப் பழியையும் இணையத்தின்மேல் சுமத்துதல் நியாயமன்று என்பது விளங்கும்.

எஞ்சியிருந்தது அரங்கிற்கும் வீட்டிற்கும் இடையேயுள்ள காத்திருப்பு ஒன்றே. 2013ஆம் ஆண்டு கமல்ஹாசன் தம் 'விஸ்வரூபம்' படத்தை வீட்டுத் தொலைக்காட்சி வழியே முன்னதாகவே காட்ட முயன்றார். அரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பினால் அம்முயற்சி நின்றது. 2016இல் நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் போன்ற இணையவழித் திரைத்தளங்கள் நம் நாட்டில் கால் பதித்தன. மக்கள் இவற்றை 'ஓ.டி.டி.' என்று வழங்குகின்றனர். 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக அரங்குகள் அடைக்கப்பட்டபோது, முன்பு நடவாதது நடந்தது. மே 29ஆம் தேதி 'பொன்மகள் வந்தாள்' என்னும் தமிழ்ப் படமும், ஜூலை 3ஆம் தேதி 'சூஃபியும் சுஜாதையும்' என்னும் மலையாளப் படமும் அரங்கைத் தொடாமலே நேரே வீடுகளுக்கு வந்தன. இரு மாநிலத்து அரங்க உரிமையாளர்களும் சினங்கொண்டனர்.

அடுத்து நிகழ்ந்ததை எல்லைப்புறத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். ஏறத்தாழப் பத்து மாதங்களுக்குப் பின், 2021 ஜனவரி 13ஆம் தேதி கேரளத்து அரங்குகள் கதவு திறந்தபோது, முதலில் ஓடிய படம் 'மாஸ்டர்' என்னும் தமிழ்ப் படம். பாதி இருக்கைகளில் மட்டுமே ஆட்கள். ஆயினும் திருவிழாக் கோலம். ஆனால் பதினாறே நாளில், ஜனவரி 29ஆம் தேதி, அதே படம் இணையத்தில் வந்துவிட்டது. மறு மாதம் 'திருஷ்யம் 2' அரங்கிற்கு வராமலே வெளியாயிற்று.

இந்த இடைவெளி ஏன் இத்துணை முக்கியம்? வசூலைப் பங்கிடும் முறையில் விடை இருக்கிறது. முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு அதிகம். வாரங்கள் செல்லச் செல்ல அரங்க உரிமையாளரின் பங்கு உயரும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரங்களில் வரும் கூட்டமே சிறு அரங்கிற்குச் சோறு போடுவது. அந்த வாரங்களைத்தான் இணையம் எடுத்துக்கொள்கிறது. இதனாலேயே நாட்களை எண்ணிச் சண்டை நடக்கிறது. தமிழ்நாட்டில் நான்கு வாரம் என்பது வழக்கமாயிற்று. அரங்கினர் எட்டு வாரம் கேட்டனர். கேரளத்தில் 42 நாள் என்று உடன்பாடு. இந்திப் படங்களுக்குப் பெரிய அரங்கத் தொடர்கள் எட்டு வாரம் வற்புறுத்தியதால், 2023இல் 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பு அத்தொடர்களில் இடம்பெறவில்லை. உடன்பாடு மீறப்படுகிறது என்று கூறி, 2024 பிப்ரவரியில் கேரள அரங்க உரிமையாளர் சங்கம் புதிய மலையாளப் படங்களைத் திரையிடுவதில்லை என்று அறிவித்தது.

வெளிநாடுகளிலும் இதே வழக்குத்தான். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு வார்னர் நிறுவனம் தன் படங்களை அரங்கிலும் வீட்டிலும் ஒரே நாளில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அம்முறையைக் கைவிட்டது. பிரான்சிலோ இது வியாபாரிகளின் பேரத்திற்கு மட்டும் விடப்படவில்லை. அரசு ஏற்ற ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது. 2022இல் செய்த உடன்பாட்டின்படி நெட்ஃபிளிக்ஸ் பதினைந்து மாதம் காத்திருக்கவேண்டும் என்று வைத்தார்கள். முன்பு மூன்றாண்டுகளாக இருந்ததைக் குறைத்து வைத்த கணக்கு இது! ஆக, காத்திருப்பின் அளவு இயற்கை வகுத்த விதியன்று. மனிதர் கூடி முடிவு செய்வது.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பலாம். "எங்களுக்கு இணையத்தால் நன்மையன்றோ விளைந்தது?" என்று கேட்கலாம். உண்மைதான். பம்பாய் மாட்டுங்காவில் அரோரா திரையரங்கு போன்ற சில இடங்கள் நீங்கலாக, வடக்கே தமிழ்ப் படம் காண்பது ஒரு காலத்தில் அரிய செயல். ஞாயிறு காலைக் காட்சி ஒன்றிற்காகக் குழந்தை குட்டிகளுடன் இரண்டு பஸ் மாறிச் சென்ற குடும்பங்கள் எத்தனை! கிராமத்தானைப் போலவே புலம்பெயர்ந்தவனும் கடைசி வரிசையில் நின்றவனே. இன்று போபாலிலும் கௌஹாத்தியிலும் நம் பிள்ளைகள் தமிழைக் காதால் கேட்கிறார்கள் என்றால், அதில் இத்தளங்களுக்குப் பங்குண்டு. கேரள அரசே 2024 மார்ச் 7ஆம் தேதி 'சிஸ்பேஸ்' என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கி, எழுபத்தைந்து ரூபாய்க்கு ஒரு படம் என்று வழிசெய்தது. அரங்கு கிடைக்காத நல்ல படங்களுக்கு இது புகலிடம்.

ஆயினும் அந்த ஞாயிறு காலைக் காட்சியில் நமக்குக் கிடைத்தது படம் மட்டுமா? இடைவேளையில் தேநீர்க் கோப்பையுடன் நிற்கையில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டோம். வீட்டு வாடகைக்கு வழி கேட்டோம். பெண்ணுக்கு வரன் பேசினோம். வீட்டுத் திரை இதைத் தாராது. அன்றியும், இணையம் அரங்கை விழுங்கிவிட்டால் இணையத்திற்கும் நட்டமே. முதலில் போட்டி போட்டு வாங்கிய தளங்கள், பின்னர் அரங்கில் வென்ற படத்தையே தேடி வாங்கலாயின. 2024இல் வெளியான 199 மலையாளப் படங்களில் 26 மட்டுமே பிழைத்தன என்று தயாரிப்பாளர் சங்கம் கணக்குச் சொன்னது. எந்தப் படம் நல்லது என்று முதலில் தீர்ப்பளிக்கும் அவை இன்றும் கொட்டகைதான்.

அதே 2024 பிப்ரவரியில், 22ஆம் தேதி, 'மஞ்சுமல் பாய்ஸ்' வெளிவந்தது. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனைத் தோழர்கள் மீட்ட உண்மைக் கதை. 1991இல் வந்த 'குணா' என்னும் தமிழ்ப் படத்தின் நினைவு அதில் இழையோடுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. அது இணையத்தில் வந்தது மே 5ஆம் தேதி. அதாவது பத்து வாரங்களுக்குப் பின். அந்தப் பத்து வாரங்களில் மலையாளம் அறியாத தமிழர் மலையாளப் படம் பார்த்து, தமிழ்ப் பாட்டு எழுந்தபோது ஒருங்கே கைதட்டினர். எங்கள் ஓலைக் கொட்டகையில் வாரந்தோறும் நடந்தது மாநிலமெங்கும் நடந்தது.

ஆகவே கொட்டகை வேண்டுமா, கைப்பேசி வேண்டுமா என்பது சரியான கேள்வியன்று. கிராமத்தானையும் புலம்பெயர்ந்தவனையும் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த பழைய காத்திருப்பு மீண்டும் வரவேண்டாம். சிறு அரங்கு மூச்சுவிடுவதற்குப் போதுமான சில வாரக் காத்திருப்பு எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வகுக்கப்படட்டும்; வகுத்தபின் மீறப்படாதிருக்கட்டும். நம்மால் இயன்றதும் ஒன்றுண்டு. நாம் வாழும் வெளியூரில் தமிழ்ப் படமொன்று ஒரே ஒரு காட்சிக்கு வந்தாலும், அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு செல்வோம்.

கள்ளிக்காட்டில் நம் மருமகனிடம் இவ்வளவையும் சொன்னோம். சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "சரி மாமா, டிக்கெட் நீங்கள் எடுப்பதானால் வருகிறேன்" என்றான். அன்று மாலை இருவரும் பஸ் ஏறினோம்.